ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு தெர்மாமீட்டரும்: நீர் ஆவியாவதை அடுப்படியில் பார்த்துத் தெரிந்துகொள்ள

உலை கொதித்த பிறகும் அடுப்பை முழு வேகத்தில் எரியவிடுபவர்கள் நிறையப் பேர். "நல்லா தளதளன்னு கொதிச்சாத்தான் சீக்கிரம் வேகும்" என்று காரணமும் சொல்வார்கள். கொதி வந்தபின் தீயைக் கூட்டினால் தண்ணீரின் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. ஆவிதான் கூடுதலாகப் போகும், சிலிண்டர்தான் சீக்கிரம் தீரும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இதைப் படித்திருப்போம். ஆனால் தண்ணீருக்குள் ஒரு தெர்மாமீட்டரை விட்டு, அந்த முள்ளோ கோடோ ஓரிடத்தில் நின்றுவிடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போதும். வீட்டில் ஆறாவது ஏழாவது படிக்கும் பிள்ளை இருந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

என்னென்ன வேண்டும்

ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து, மேலே நாலு விரல் இடமும் மிச்சமிருக்கும் பாத்திரம் ஒன்று. அடுப்பில் வைக்கத் தகுந்த போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரம் இருந்தால் பக்கவாட்டிலிருந்து எல்லாமே தெரியும். சாதாரணக் கண்ணாடி டம்ளரையோ ஊறுகாய் ஜாடியையோ தீயில் வைக்காதீர்கள், விரிசல் விடும். கண்ணாடி இல்லையென்றால் அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரமே போதும். மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டர் விஷயத்தில் கொஞ்சம் கவனம். காய்ச்சல் பார்ப்பதை எடுத்துவிடாதீர்கள். அது 42 டிகிரி வரைதான் காட்டும். கொதிநீரில் விட்டால் உடையும், பழைய வகையாக இருந்தால் உள்ளே இருக்கும் பாதரசம் தண்ணீரில் கலக்கும். பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் 110 டிகிரி வரை காட்டும், சிவப்புத் திரவம் உள்ள தெர்மாமீட்டர் கிடைக்கும். சமையலுக்கென்று வரும் டிஜிட்டல் கம்பி வகையும் நன்றாகவே வேலை செய்யும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். பாத்திரத்தின் வாயில் ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்து, நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். நுனி தண்ணீருக்குள் முழுதாக இருக்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. அடியைத் தொட்டால் அது பாத்திரத்தின் சூட்டைக் காட்டும், தண்ணீரின் சூட்டை அல்ல.

இவை தவிர ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, அளவு குறித்த ஒரு குடுவை. அவ்வளவுதான்.

பற்றவைக்கும் முன்பே ஒன்று நடக்கிறது

100 டிகிரி வந்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு கரண்டித் தண்ணீரை ஒரு தட்டில் பரவலாக ஊற்றுங்கள், அதே அளவை ஒரு டம்ளரில் ஊற்றுங்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தட்டு முதலில் காயும். அடுப்பே இல்லை, ஆனாலும் தண்ணீர் போய்விட்டது.

தண்ணீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் அசைவதில்லை. சில மெதுவாக, சில மிக வேகமாக. கூட்டம் பிதுங்கும் பேருந்தில் படிக்கட்டில் நிற்பவர்தான் சட்டென்று இறங்க முடியும் அல்லவா, அதுபோல மேற்பரப்பில் இருந்து, போதிய வேகமும் உள்ள மூலக்கூறுதான் பக்கத்தில் இருப்பவற்றின் பிடியை உதறிக்கொண்டு காற்றில் கலக்கும். பரப்பு அகலமானால் தப்பிக்கும் வழியும் அகலம். தட்டு முந்திக்கொண்டது அதனால்தான். வேகமானவை போய்விட்டால் மிஞ்சுபவை மெதுவானவை, அதாவது குளிர்ந்தவை. மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் சில்லென்று இருப்பதற்கு, பானையின் நுண்துளை வழியாகக் கசியும் ஈரம் இப்படி ஆவியாவதுதான் காரணம்.

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், வெளியேறுவது போலவே திரும்பி வருவதும் அதிகமாகிவிடும். சென்னையில் வியர்வை உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடப்பதும், அதைவிட வெயில் சுடும் உள்மாவட்டங்களில் சட்டென்று காய்ந்துவிடுவதும் இதனால்தான்.

சரி, இது ஆவியாதல். எந்தச் சூட்டிலும், மேற்பரப்பில் மட்டும், சத்தமில்லாமல் நடப்பது. இனி அடுப்பைப் பற்றவைத்து, கொதித்தலுக்கு வருவோம்.

முதல் சில நிமிடங்கள்

தண்ணீரின் ஆரம்பச் சூட்டைக் குறித்துக்கொண்டு, நடுத்தரத் தீயில் வையுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 28, 30 டிகிரியில் இருக்கும். ஒவ்வொரு நிமிடமும் ஒரு தடவை எழுதுங்கள். பாதி வழியில் தீயைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கேஸ் அடுப்பானால், வைத்த சில வினாடிகளில் பாத்திரத்தின் வெளிப்புறம் முழுக்க முத்து முத்தாக நீர் அரும்பும், அடியிலிருந்து சொட்டுகூட விழுந்து தீயில் சீறும். பாத்திரம் ஓட்டை என்று பயந்துவிட வேண்டாம். சமையல் வாயு எரியும்போது கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது. அந்த ஆவி, இன்னும் சூடேறாத பாத்திரத்தின் சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. பாத்திரம் சூடானதும் தானே காய்ந்துவிடும். ஆக, இந்தச் சோதனையில் நீங்கள் பார்க்கும் முதல் நீராவி பாத்திரத்துக்குள்ளிருந்து வருவதே இல்லை, தீயிலிருந்து வருகிறது. இண்டக்ஷன் அடுப்பில் இது நடக்காது.

உள்ளே, அடியில் சூடான தண்ணீர் இலேசாகி மேலே வரும், மேலே இருப்பது கீழே இறங்கும். இந்தச் சுழற்சி கண்ணுக்குத் தெரியாது. ஒரு சிட்டிகை தேயிலைத் தூளைப் போட்டால் அது ஏறி இறங்குவதில் தெரியும்.

இது கொதி அல்ல

40, 50 டிகிரி வாக்கில் பாத்திரத்தின் அடியிலும் சுவரிலும் கடுகைவிடச் சின்னக் குமிழிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். விரலால் தட்டினால் ஒன்றிரண்டு மேலே ஓடும். ஆவி வர ஆரம்பித்துவிட்டது என்று பலர் நினைப்பது இங்கேதான். இவை பெரும்பாலும் காற்று. குளிர்ந்த தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது, சூடு ஏற ஏற அவ்வளவு காற்றைத் தண்ணீரால் வைத்துக்கொள்ள முடியாது, வெளியே விட்டுவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் சோதித்துக்கொள்ளலாம். ஒரு தடவை நன்றாகக் கொதித்த தண்ணீரை மூடி ஆறவிட்டு, உடனே மறுபடி சூடாக்கிப் பாருங்கள். அந்தச் சின்னக் குமிழிகள் வெகுவாகக் குறைந்திருக்கும். காற்றுதான் முதல் தடவையே போய்விட்டதே.

சத்தத்தைக் கேளுங்கள்

80 டிகிரியைத் தாண்டியதும் பாத்திரம் 'ஸ்ஸ்' என்று இரையத் தொடங்கும். இரைச்சல் கூடிக்கொண்டே போய், கொதி வருவதற்குச் சற்று முன்பு உச்சத்துக்குப் போகும், அப்புறம் திடீரென்று தணிந்து 'தளதள' என்று மாறிவிடும். அடுப்படியில் பழகியவர்கள் திரும்பிப் பார்க்காமலே "கொதி வரப்போகுது" என்று சொல்வது இந்த மாற்றத்தைக் கேட்டுத்தான்.

அடியில், தீக்கு நேர் மேலே இருக்கும் தண்ணீர் மற்றவற்றுக்கு முந்தி 100 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. அங்கே உண்மையான ஆவிக்குமிழி பிறக்கிறது. அது மேலே கிளம்பினால், மேலே இருப்பதோ 85, 90 டிகிரித் தண்ணீர். அதில் பட்டதும் குமிழிக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து மறுபடி நீராகிவிடும். குமிழி சட்டென்று நசுங்கும். இப்படி எண்ணற்ற குமிழிகள் நசுங்கும் ஓசைதான் அந்த இரைச்சல். கண்ணாடிப் பாத்திரமானால், குமிழிகள் அடியிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் காணாமல் போவதைப் பார்க்கலாம். இந்தச் சோதனை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தண்ணீர் முழுக்கச் சூடானதும் குமிழிகள் நசுங்காமல் மேலே வரை வந்து, பெரிதாகி, வெடிக்கின்றன. சத்தம் தணிந்துவிடுகிறது.

கொதித்தல் என்பது இதுதான்: தண்ணீரின் ஆவி அழுத்தம், அதாவது நீரிலிருந்து பிறக்கும் ஆவி வெளிநோக்கித் தள்ளும் அழுத்தம், மேலிருந்து அழுத்தும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகிவிட்டது. அதனால் மேற்பரப்பில் மட்டுமல்லாமல், நீருக்குள்ளேயே ஆவிக்குமிழி உருவாகி, நசுங்காமல் நிற்க முடிகிறது.

தெர்மாமீட்டர் நின்றுவிடும் இடம்

இப்போது நோட்டைப் பாருங்கள். 30, 40, 51, 61 என்று ஏறிக்கொண்டே வந்த எண், கொதி வந்ததும் நின்றிருக்கும். 100 என்றே காட்ட வேண்டும் என்பதில்லை. தெர்மாமீட்டரில் ஒரு டிகிரி முன்பின் இருக்கலாம், ஊரின் உயரமும் சேரும். எந்த எண்ணில் நின்றதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. தீயை முழுவதும் கூட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். குமிழிகள் துள்ளும், தண்ணீர் வெளியே தெறிக்கும், ஆவி பொங்கும், எண் அசையாது. பிறகு சிம்மில் வையுங்கள். அங்கங்கே ஒரு குமிழி வரும் அளவுக்குத் தணியட்டும். எண் அப்போதும் கிட்டத்தட்ட அதேதான்.

தீயிலிருந்து வெப்பம் தொடர்ந்து உள்ளே போகிறது. அது எங்கே போனது? மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்பைப் பிய்த்து எடுப்பதற்குச் செலவாகிறது. சூட்டை ஏற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். 30-லிருந்து 100 வரை கொண்டுபோகச் சுமார் 293 கிலோஜூல். அதே ஒரு கிலோவை, 100 டிகிரித் தண்ணீரிலிருந்து 100 டிகிரி ஆவியாக மாற்ற மட்டும் 2257 கிலோஜூல். ஏழரை மடங்குக்கும் மேல். சூடேற்றுவது சின்ன வேலை, ஆவியாக்குவதுதான் பெரிய வேலை.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. புதிதாக ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்து, மூடி போட்டு, ஒரே அளவான தீயில் வையுங்கள். கொதி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 7 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மூடியை எடுத்துவிட்டு, அதே தீயில் இன்னும் அதே 7 நிமிடம் கொதிக்க விடுங்கள். அணைத்து, மூடி, முழுதும் ஆறிய பிறகு குடுவையில் அளங்கள். கணக்குப்படி 130 மில்லி குறைந்திருக்க வேண்டும். 293-ஐ 2257-ஆல் வகுத்தால் கிடைப்பது அதுதான். பாத்திரம் காற்றுக்கு இழக்கும் வெப்பம், முதல் கட்டத்தில் கசிந்த ஆவி எல்லாம் சேர்ந்து உங்கள் விடையை முன்னே பின்னே தள்ளும். ஆனால் முழு லிட்டரையும் கொதிக்க வைத்த நேரத்தில், அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் ஆவியாகியிருக்கும் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

ஜோசப் பிளாக் என்ற வேதியியலாளர் 1760-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதே வேலையைத்தான் செய்தார். அடி தட்டையான தகரப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை நன்கு சூடான இரும்படுப்பில் வைத்தார். கொதிக்க 4 நிமிடம் ஆனது, முழுவதும் வற்ற மேலும் 20 நிமிடம் ஆனது. அந்த இரண்டு எண்களிலிருந்து அவர் கணக்கிட்ட உள்ளுறை வெப்பம் இன்றைய மதிப்பில் ஆறில் ஐந்து பங்கு இருந்தது. கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு நெருங்கியது பெரிய விஷயம். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்தான் ஜேம்ஸ் வாட். பழைய நீராவி எந்திரம் ஏன் இவ்வளவு ஆவியை வீணாக்குகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டு, ஆவியைக் குளிரவைத்து நீராக்கும் தனிக் கலனோடு வரும் எந்திரத்துக்கு 1769-இல் காப்புரிமை வாங்கினார்.

எந்திரம் ஏன் ஓடுகிறது என்பதற்கும் ஓர் எண் போதும். ஒரு கிராம் தண்ணீர் 100 டிகிரி ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடத்தைக் கேட்கும். ஒரு டீஸ்பூன் தண்ணீர் எட்டு லிட்டருக்கும் மேல். அந்த இடத்தைக் கொடுக்காமல் அடைத்துவைத்தால் எதையும் தள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் நீலகிரி ரயிலைத் தள்ளியதும் அதுதான். அந்த நீராவி எந்திரம் வழியில் நின்று நின்று தண்ணீர் பிடித்துக்கொள்வதும் அதனால்தான்; போன ஆவி திரும்பி வராது.

வெள்ளையாகத் தெரிவது எது

மூக்குள்ள கெட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கொதிக்கும்போது மூக்கின் நுனியை ஒட்டிப் பாருங்கள். நுனிக்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒரு விரல்கடை அளவு ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். உண்மையான நீராவி அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் இருக்கிறது. நீராவிக்கு நிறம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. சற்றுத் தள்ளி வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்த காற்றில் பட்டு மறுபடி நீராகிவிட்ட பொடித் துளிகள். இன்னும் தள்ளிப் போனால் அந்தத் துளிகளும் காற்றில் ஆவியாகி மறைந்துவிடும். ஒரே மூச்சில் ஆவி, நீர், மறுபடி ஆவி.

இடுக்கியால் ஒரு குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியைப் பிடித்து அந்தத் தெளிவான இடத்தில் காட்டுங்கள். கையை நேராகக் கொண்டுபோக வேண்டாம். கரண்டி உடனே வியர்த்துச் சொட்டும்.

கேஸ் அடுப்பில் இன்னொன்றும் கவனிக்கலாம். கொதித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பை அணைத்தால், அணைத்த மறுகணம் பாத்திரத்திலிருந்து முன்னைவிட அதிகமாக வெள்ளை எழும்பும். ஆவி கூடிவிடவில்லை. தீ எரிந்தவரை பாத்திரத்தைச் சுற்றி மேலே வந்துகொண்டிருந்த சூடான காற்று துளிகளை உருவாகவிடாமல் வைத்திருந்தது. அது நின்றதும் ஆவி சட்டென்று குளிர்ந்து கண்ணுக்குத் தெரிகிறது.

உயரமும் குக்கரும்

கொதிநிலையைத் தீர்மானிப்பது தீ இல்லை, மேலிருக்கும் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 100. மேலே ஏறஏறக் காற்று மெலியும், கொதிநிலையும் இறங்கும். தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 2240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இலங்கையில் நுவரெலியாவில் 94 வாக்கில். அங்கெல்லாம் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அடம்பிடிப்பது பருப்பின் குற்றமல்ல. கொதிக்கிறது, ஆனால் போதிய சூடு இல்லை.

மலைக்குப் போகாமலே இதைப் பார்க்க ஒரு வழி: மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். 70 டிகிரித் தண்ணீரை 4, 5 மில்லி உறிஞ்சி, உள்ளிருக்கும் காற்றைத் தள்ளி வெளியேற்றிவிட்டு, முனையில் கெட்டியான ரப்பர் மூடியைப் பொருத்துங்கள். தடிமனான துணியால் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்தண்டைப் பலமாக இழுங்கள். கையால் தொட்டால் சுடும், ஆனால் 100-க்குப் பக்கத்திலேயே வராத அந்தத் தண்ணீர் குபுகுபுவென்று கொதிக்கும். விட்டால் அடங்கும். தீயே இல்லாமல், அழுத்தத்தைக் குறைத்தே கொதிக்க வைத்துவிட்டீர்கள்.

பிரஷர் குக்கர் இதன் தலைகீழ். டெனி பப்பென் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் காட்டிய கலன்தான் இதற்கு மூதாதை. ஆவியை அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறும், கொதிநிலையும் கூடவே ஏறும். நம் வீட்டுக் குக்கரில் வெயிட் தூக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் வெளியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சூடு 120 டிகிரிக்குப் பக்கத்தில். வெயிட் தூக்கியபிறகு தீயைக் கூட்டிப் பயனில்லை, மிகுதி ஆவி விசிலாகப் போய்விடும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடக் கணக்கில் வேகவிடுவதுதான் சரியான வழி. விசிலை எண்ணுவது பழக்கம், அவ்வளவுதான். தீயின் அளவைப் பொறுத்து மூன்று விசில் ஐந்து நிமிடத்திலும் வரும், பதினைந்து நிமிடத்திலும் வரும்.

"ஆவி நல்லா வந்ததுக்கப்புறம் வெயிட் போடு" என்று வீட்டில் சொல்வார்கள். அதில் முழு நியாயம் இருக்கிறது. மூடிய குக்கருக்குள் காற்றும் இருக்கிறது. அதை ஆவி தள்ளி வெளியேற்றுமுன் வெயிட்டைப் போட்டால், உள்ளிருக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றினுடையதாக இருக்கும். அழுத்தம் அதேதான், ஆனால் ஆவியின் பங்கு குறைந்ததால் சூடும் 120-ஐத் தொடாது.

உப்பு போட்டால்

உப்பு போட்டால் சீக்கிரம் கொதிக்கும் என்பார்கள் சிலர். உப்பு கொதிநிலையை ஏற்றத்தான் செய்யும், அதுவும் மிகக் கொஞ்சமாக. ஒரு லிட்டரில் கைப்பிடி அளவு, சுமார் 58 கிராம், போட்டால் ஒரு டிகிரி ஏறும். சமையலுக்குப் போடும் உப்புக்கு உங்கள் தெர்மாமீட்டர் அசையாது. கொதிக்கப் போகும் தண்ணீரில் உப்பைப் போட்டதும் பொங்குவது, உப்புத் தூளின் பரப்பில் குமிழிகள் எளிதாகத் தோன்றுவதால்.

இட்லியும் கையும்

உள்ளுறை வெப்பம் ஒரு வழிப்பாதை இல்லை. ஆவியாகும்போது வாங்கிய 2257 கிலோஜூலையும், மறுபடி நீராகும்போது ஆவி அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். இட்லிப் பானையில் நடப்பது அதுதான். குளிர்ந்த மாவின் மேல் ஆவி படிந்து நீராகிறது, வெப்பத்தை அங்கேயே இறக்கி வைக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இட்லி வெந்துவிடுவதற்கும் புட்டுக் குழலில் அரிசிமாவு பூப்போல் வேகுவதற்கும் இந்த இறக்கிவைக்கும் வேலைதான் காரணம். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி பொங்கியபின் தட்டை உள்ளே வையுங்கள். பச்சைத் தண்ணீரோடு சேர்த்து வைத்தால் மாவு வெகுநேரம் வெதுவெதுப்பிலேயே கிடந்து அமுங்கிப் போகும்.

அதே கணக்கு கைக்கும் பொருந்தும். ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது 260 ஜூல் போலக் கொடுக்கும். ஒரு கிராம் ஆவி பட்டால் அதற்கு முன்பே 2257 ஜூலைக் கொட்டிவிடும். இட்லிப் பானை மூடியை உங்கள் பக்கம் சாய்த்துத் திறக்காதீர்கள், எதிர்ப்பக்கம் முதலில் தூக்குங்கள். குக்கரில் அழுத்தம் முழுதும் அடங்குமுன் மூடியைத் திருகாதீர்கள். சளிக்கு ஆவி பிடிக்கும்போது, கொதிக்கும் பாத்திரத்தைப் போர்வைக்குள் மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் ஆபத்தானது, அதுவும் குழந்தைகளுக்கு. கவிழ்ந்தால் ஆவியும் கொதிநீரும் சேர்ந்து சுடும். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் காட்டுங்கள். பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மைக்ரோவேவில் தண்ணீர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வழுவழுப்பான கோப்பையில் குமிழி தோன்ற இடம் கிடைக்காமல், தண்ணீர் 100-ஐத் தாண்டியும் சும்மா கிடக்கும். அதில் கரண்டியோ காபித் தூளோ பட்டால் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். வைக்கும்போதே உள்ளே ஒரு மரக்குச்சியைப் போட்டுவையுங்கள். நின்றபின் அரை நிமிடம் பொறுத்து எடுங்கள்.

மிச்சம் இருப்பது

கடைசியாக, அளந்து முடித்த தண்ணீரில் ஒரு கரண்டியைத் தட்டையான பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் முழுவதும் வற்றவிடுங்கள். கடைசிச் சொட்டு காயும்போது அணைத்துவிடுங்கள். போர்வெல் தண்ணீரானால் அடியில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரியும். ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்த கால்சியம், மெக்னீசிய உப்புகள் போகவில்லை. காய்ச்சிய தண்ணீரில் கிருமி சாகும், ஆனால் உப்பு ஆவியோடு போகாது என்று சொல்வது இதனால்தான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டுமென்றால் போன ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து எடுக்க வேண்டும், அல்லது அந்த உப்புகளை வேறு முறையில் நீக்க வேண்டும்.

கெட்டிலின் அடியில் கல் போலப் படிவதும் இந்த வெள்ளைதான். படிவு கனமானால் வெப்பம் உள்ளே போகத் திணறும், கொதிக்க அதிக நேரம் எடுக்கும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கெட்டிலில் ஊற்றி, ஒரு கொதி விட்டு அணைத்து, அரைமணி நேரம் ஊறவிடுங்கள். நுரைத்து நுரைத்துப் படிவு கரையும். கீழே ஊற்றிவிட்டு, வெறும் தண்ணீரில் ஒரு தடவை கொதிக்கவைத்துக் கொட்டிய பிறகு டீக்கு வையுங்கள். இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும்.